அமெரிக்கப் பாஸ்போர்ட்டோடு லண்டனில் குடியேறப் பார்த்த ஒன்பது நாள்கள்

அமெரிக்காவை விட்டு வேறு எந்த நாட்டில் போய் வாழலாம் என்று யோசிக்கும் பலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். லண்டன் எப்படி என்று பின்னூட்டத்தில் கேட்டும் இருந்தீர்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து மூன்று மாதம் கழித்துத்தான் எழுத மனம் வந்திருக்கிறது. தகவல் மட்டும் வேண்டுபவர்கள் நேரே கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

2009 மார்ச்சில் என் வேலை போனது. ஒஹாயோவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடம் இருந்தேன். வேலையோடு மருத்துவக் காப்புறுதியும் போனது. சொந்தச் செலவில் கொஞ்சக் காலம் தொடரலாம் என்றார்கள். என் மனைவி வசந்திக்கு நாளுக்கு மூன்று தடவை இன்சுலின் போட வேண்டும். அந்தக் கோடை முழுக்க வேலை தேடினேன். ஆகஸ்டில் ஒரு நாள், சமையலறை மேசையில் ஒரு தாளை வைத்து மூன்று நாடுகளை எழுதினோம்: கனடா, இந்தியா, இங்கிலாந்து.

"லண்டனிலை வைத்தியம் சும்மா. பாஷை தெரியும். உங்கடை தம்பியும் அங்கைதான். இதிலை யோசிக்க என்ன கிடக்கு?" என்றாள் வசந்தி.

யோசிக்க ஒன்று கிடந்தது. அவளிடம் நான் சொல்லவில்லை.

செப்டம்பர் நடுவில், கிளீவ்லாண்டிலிருந்து நியூவார்க் வழியாகப் பறந்தேன். போய்வர 640 டாலர். காலை 9.40க்கு ஹீத்ரோவில் இறங்கினேன். குடிவரவு மேசையில் இருந்தவர் என் நீலப் பாஸ்போர்ட்டை விரித்து, "எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டு, ஆறு மாத முத்திரை குத்தினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அப்போது எனக்கு வந்த மிதப்பை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. எவ்வளவு எளிதான நாடு என்று நினைத்துக்கொண்டேன்.

ஹீத்ரோவிலிருந்து பிக்கடில்லி பாதையில் ஏறி, கிரீன் பார்க்கில் ஜூபிலி பாதைக்கு மாறினால் கிங்ஸ்பரி. ஒன்றரை மணி நேரம், நாலு பவுண்டு. தம்பி குகன் ஸ்டேஷன் வாசலில் தன் வெள்ளை வான் வண்டியோடு நின்றான். வெந்நீர் பொயிலர் பூட்டுவதும் திருத்துவதும் அவன் தொழில். ஜெர்மனியில் படித்தது. இருபத்திரண்டு வருடத்தில் நாங்கள் நேரில் காண்பது இது மூன்றாவது முறை.

"வாங்கோ அண்ணை. சாப்பிட்டியளோ?" என்றான். பெட்டியை வாங்கி வானின் பின்பக்கத்தில் ஏற்றினான். கையைப் பிடிக்கவில்லை.

அவன் மனைவி ஜெயந்தி மேல்மாடியில் ஒரு சின்ன அறையைத் தந்தாள். ஒரு கட்டில், ஒரு யன்னல், சுவரில் ஆணியில் தொங்கிய துணிப்பை ஒன்று. அது யாருடைய பை என்று நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள்தான் தெரிந்தது, அந்த அறையில் சிவரஞ்சினி என்ற பெண் இருந்தாள் என்று. ஜெயந்தியின் சித்தப்பா மகள். வன்னியில் ஆசிரியையாக இருந்தவள், போர் முடிந்தபின் முகாமிலிருந்து வெளியே எடுக்கப்பட்டு, இரண்டு கிழமைக்கு முன்னர்தான் லண்டன் வந்திருந்தாள். எனக்காக அவளைக் கீழே சோபாவில் படுக்கவைத்திருந்தார்கள். நான் அறையைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். "பரவாயில்லை அண்ணை, எனக்கு மேலை நித்திரை வாறேல்லை" என்றாள்.

முதல் மூன்று நாள்கள் நான் ஒரு வாடிக்கையாளனைப் போல லண்டனைப் பார்த்தேன். கிங்ஸ்பரியிலிருந்து வெம்பிளிக்கு பஸ்ஸில் போய் வீட்டுத் தரகர்களின் கடைக் கண்ணாடிகளில் ஒட்டியிருந்ததை எல்லாம் குறித்தேன். ஒரு படுக்கையறை வீடு மாதம் 850 பவுண்டு. ஒரு டொக்டரின் கிளினிக்கில் புதிதாகப் பதிய என்ன வேண்டும் என்று விசாரித்தேன். கடைகளில் முருங்கைக்காய், ஒடியல் மா, குத்தரிசி எல்லாம் இருந்தன. வசந்திக்குத் தொலைபேசியில் அடுக்கினேன். அவள் சிரித்த சத்தத்தைப் பல மாதத்துக்குப் பிறகு கேட்டேன்.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. வெம்பிளியில் ஒரு கடைக்கு மேலே இருந்த தமிழ் வக்கீல் அம்மாவிடம் போனேன். அரை மணி நேரத்துக்கு 60 பவுண்டு. அவர் என் விவரங்களை ஒரு பக்கத்தில் எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

"மாஸ்டர்ஸ் இருக்கோ?"

"இல்லை."

"இஞ்சை ஏதும் கொம்பனி உங்களை ஸ்பொன்சர் பண்ணுமோ?"

"இல்லை."

"அப்ப விசிட்டராய் ஆறு மாதம் இருக்கலாம். வேலை செய்ய ஏலாது. உந்த வைத்தியமும் நீங்கள் நினைக்கிற மாதிரி விசிட்டருக்கு இல்லை."

தம்பி இருக்கிறான் என்றேன். ஜெர்மன் பாஸ்போர்ட், 2003இல் குடும்பத்தோடு கப்பலில் வந்து இறங்கினவன், யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

"அவர் ஐரோப்பியப் பிரஜை, அவருக்கு உரிமை இருக்கு. உங்களுக்கு அவராலை ஒரு வழி இருக்கு, ஆனால் சரியான ஒடுக்கம். நீங்கள் கனகாலமாய் அவரின்ரை தயவிலைதான் சீவிச்சனீங்கள் எண்டு காட்டவேணும். அவரோடை ஜெர்மனியிலை இருந்தனீங்களோ?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

இங்கே நான் வசந்தியிடம் சொல்லாததைச் சொல்ல வேண்டும். குகன் ஜெர்மனியில் அகதி விடுதியில் ஒன்பது வருடம் இருந்தான். ஓர் அறையில் ஆறு பேர். நான் அமெரிக்கப் பிரஜையானதும் மூன்று கடிதம் போட்டான், தன்னை அமெரிக்காவுக்கு எடுக்கும்படி. சகோதரனுக்கான வரிசை மிக நீளம், பத்து வருடத்துக்கு மேல் ஆகும் என்று பதில் போட்டேன். அது உண்மைதான். ஆனால் வரிசையில் நிற்பதற்கு முதலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நான் நிரப்பவில்லை. புது வீடு, புது வேலை, பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். மூன்றாவது கடிதத்துக்குப் பதிலே போடவில்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை, ஹரோவில் ஒரு வீட்டுக்கு பொயிலர் பார்க்கப் போன குகனோடு நானும் வானில் ஏறினேன். நாலு மைல். சந்தியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது கேட்டேன். எத்தனையோ வருடமாக என்னைத் தாங்கியவன் அவன்தான் என்று ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா, தேவையென்றால் பழைய திகதிகளில் சில ரசீதுகளும் ஒழுங்கு செய்யலாம் என்றேன். வசந்தியின் ஊசியைப் பற்றியும் சொன்னேன். உண்மையைச் சொன்னால், அவளை முன்னால் நிறுத்தித்தான் கேட்டேன்.

விளக்கு பச்சையானது. அவன் வானை எடுத்தான். அந்த வீட்டு வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் பேசினான்.

"அண்ணை, அண்டைக்கு நான் உங்களிட்டைக் கேட்டது ஒரு உண்மைக் கடிதம். நான் உங்கடை தம்பி எண்டு எழுதச் சொன்னனான். அவ்வளவுதான். அதை நீங்கள் எழுதேல்லை. இப்ப நீங்கள் என்னட்டைக் கேக்கிறது பொய்க் கடிதம்."

"எனக்காக இல்லையடா, அண்ணிக்காக."

"அண்ணிக்காக நான் என்னவும் செய்வன். ஆனால் பிடிபட்டால் என்ரை பிள்ளையளும் சேந்துதான் றோட்டிலை நிக்கும். ஏலாது அண்ணை."

கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். நான் ஒன்றரை மணி நேரம் வானுக்குள் இருந்தேன். கோபம் வந்தது. என் மீதா அவன் மீதா என்று பிரித்துப் பார்க்க அன்று விருப்பமில்லை. அவன் மீதே வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சிவரஞ்சினி குரோய்டனுக்குப் போக வேண்டியிருந்தது, அகதிக் கோரிக்கை பதிய. குகனுக்கு வேலை. ஜெயந்திக்கு ஷிப்ட். "அத்தான், உங்களுக்கு இங்கிலீஷ் வடிவாய்த் தெரியும், நீங்கள் கூட்டிக்கொண்டு போறியளோ?" என்று ஜெயந்தி கேட்டாள். காலை 6.10க்குப் புறப்பட்டோம். கிங்ஸ்பரியிலிருந்து லண்டன் பிரிட்ஜ், அங்கிருந்து ரயிலில் ஈஸ்ட் குரோய்டன். ஆளுக்கு நாள் டிக்கெட் 14.80. எட்டு மணிக்கு முன்பே அந்த உயரமான கட்டடத்துக்கு வெளியே ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். குளிர். அவள் ஜெயந்தியின் பெரிய கோட்டைப் போட்டிருந்தாள். கைகள் வெளியே தெரியவில்லை.

வரிசை நகரும்போது கேட்டாள்: "அண்ணை, நீங்கள் அமெரிக்கா சிட்டிசன் எண்டு அக்கா சொன்னவ."

"ஓம்."

"பிறகேன் இஞ்சை வந்தனீங்கள்? அங்கை உங்களை ஆரும் கலைச்சுத் துரத்துகினமோ?"

குத்திக் காட்டவில்லை அவள். உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டாள். வேலை, காப்புறுதி, இன்சுலின் என்று நான் விளக்கத் தொடங்கினேன். கவனமாகக் கேட்டாள். ஒரு நல்ல ஆசிரியை, பிழையான விடையையும் முழுக்கக் கேட்பது போல. பிறகு, "மருந்து இல்லாட்டில் கஷ்டம்தான் அண்ணை. என்ரை அம்மாவும் மருந்து இல்லாமல்தான் போனவ" என்றாள்.

வாசலில் காவலாளி எங்கள் இருவரிடமும் எந்த நாடு என்று கேட்டார். நான் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். அவர் சிரித்து, நீங்கள் பிழையான வரிசையில் நிற்கிறீர்கள் சேர் என்று மரியாதையாக என்னை விலக்கிவிட்டார். அவள் மட்டும் உள்ளே போனாள். எதிர்ப்பக்கக் கோப்பிக் கடையில் ஏழு மணி நேரம் காத்திருந்தேன். பிற்பகல் மூன்றரைக்கு, படம் ஒட்டிய அட்டை ஒன்றைக் கையில் பிடித்தபடி வந்தாள். அவர்கள் கேட்ட கேள்விகளைப் பற்றிச் சொல்லவில்லை. ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அந்த ஒன்பது நாள்களில் லண்டனில் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

புதன் காலை குகன் ஹீத்ரோவுக்குக் கொண்டுவந்து விட்டான். "அண்ணியோடை விசிட்டிலை வாங்கோ" என்றான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழி முழுக்க நினைத்திருந்தேன். பின்னால் நின்ற காரின் ஹோர்ன் அடித்தது. "சரி, போட்டு வாறன்" என்று இறங்கிவிட்டேன்.

இனித் தகவல். டிக்கெட் போடுமுன் வக்கீலிடம் பேசுங்கள். தொலைபேசியிலும் ஆலோசனை தருகிறார்கள். நான் 640 டாலர் கொடுத்து அறிந்தது அரை மணிப் பேச்சு. விசிட்டர் முத்திரையை வசிக்கும் உரிமை என்று நினைக்காதீர்கள். இலவச வைத்தியத்தை நம்பிப் போகாதீர்கள். மருந்து எடுப்பவர்கள் தங்கும் நாள்களைவிட இரண்டு கிழமைக்கு அதிகமாகக் கொண்டுபோங்கள். உறவினர் வீட்டில் அறை தந்தால், அது யாருடைய அறை என்று முதல் நாளே கேளுங்கள்.

நாங்கள் ஒஹாயோவில்தான் இருக்கிறோம். நவம்பரில் ஒரு களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. காப்புறுதி ஏப்ரலில் வரும் என்கிறார்கள். வானில் நடந்ததை வசந்தியிடம் சொன்னேன். மூன்றாவது கடிதத்தையும் சொன்னேன். "அவர் என்ன எழுதியிருந்தவர்?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு நினைவில்லை.

குகன் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குத் தொலைபேசி எடுப்பான். ஊசி, சாப்பாடு, சிவரஞ்சினியின் வழக்கு என்று அரை மணி நேரம் இருவரும் கதைப்பார்கள். "அண்ணை பக்கத்திலை இருக்கிறார், குடுக்கட்டோ?" என்று அவள் கேட்பது எனக்குக் கேட்கும். ரிசீவரை வாங்க நான் கையைத் துடைத்துக்கொண்டு எழும்புவேன். அவள் அதைத் திரும்பத் தொலைபேசியில் வைத்துவிட்டு, "வேலை ஒண்டு வந்திட்டுதாம்" என்பாள்.