லிஃப்ட்காரர் போட்ட பபிள் டீ

மணி மூன்றேகால். நாலு மணிக்குப் பெரியம்மா வந்துவிடுவாள். லிஃப்ட்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்பில் நாட்டுச்சர்க்கரைப் பாகு கொதித்தது. மேடையில் ஒரு கிண்ணம் மரவள்ளி மாவு காத்திருந்தது.

பெரியம்மா அவருக்கு இல்லை, மனைவியின் மகளுக்கு. மனைவியின் அக்கா. மனைவியின் முதல் புருஷன் செத்துப்போன பிறகு ஆறு வருஷம் பெண்ணை வளர்த்தவள் அவள்தான். "நாலு மாசம் வச்சுப் பாருங்க. பிடிக்கலன்னு புள்ள ஒரு வார்த்தை சொன்னா நான் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று கறாராகச் சொல்லித்தான் கொண்டுவந்து விட்டாள். அந்த நாலு மாசம் இன்றோடு முடிகிறது. மனைவி நர்ஸ், டியூட்டி முடிய ஆறு மணியாகும்.

நாற்பத்தாறு வயசில் கல்யாணம் பண்ணிக்கொண்ட மனுஷன். அதுவரை அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுக் காலம் தள்ளியவர். ஆனால் லிஃப்ட் ரிப்பேர் வேலையில் கில்லாடி. இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்று உள்ளே ஆட்கள் அலறினால், கதவு இடுக்கில் வாயை வைத்து, "மூச்செல்லாம் முட்டாதுங்க. பத்து நிமிஷம், வெளிய வந்துடலாம்" என்பார். அழுதவர்களும் அடங்கிவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட ஆள் ஒரு பதினோரு வயசுப் பெண் முன்னால் வாயடைத்துப் போனார்! கூடத்துக்குள் வருமுன் இருமுவார். அவள் படித்தால் மிக்ஸிகூடப் போட மாட்டார். அவளும் சளைத்தவளா?

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன் அங்கிள்."

"ஏதாவது வேணுமா?"

"வேணாம் அங்கிள்."

தங்கமான பெண் என்று அக்கம்பக்கமே மெச்சியது. இவருக்குத்தான் அது உறுத்தியது. சொந்த வீட்டில் எந்தப் பிள்ளை இவ்வளவு ஒழுங்காக இருக்கும்? அவள் போகக் கூடாது என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதை அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஒரே ஒரு முறை, பஸ் ஸ்டாப் பக்கத்து பபிள் டீ கடை முன்னால் அவள் நின்றுவிட்டாள். யாரோ தடித்த ஸ்ட்ராவில் கருப்பு உருண்டைகளை உறிஞ்சுவதை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். "வேணுமா?" என்றதும், "வேணாம் அங்கிள்" என்று நடையைக் கட்டினாள். வாங்கித் தந்தால்தானே வேண்டாம் என்பாள், வீட்டிலேயே செய்துவிட்டால்? யோசனை என்னவோ நல்ல யோசனைதான். அதைக் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டாரே, அவரை என்ன சொல்ல!

அந்த உருண்டைகளைப் போன் வீடியோவில் ஒரு அம்மாள் செய்து காட்டினாள். பாகு கொதித்ததும் மாவில் ஊற்றிப் பிசையணுமாம். இவரோ எதிலும் ஜாக்கிரதைப் பேர்வழி. கொதிக்கிறதை ஊற்றினால் மாவு கட்டி தட்டிவிடாதா என்று, பாகை விசிறி விசிறி ஆறவைத்து ஊற்றினார். அழுத்தினால் கல் மாதிரி இருந்தது, கையில் எடுத்தால் விரலிடுக்கில் வழிந்தது. மாவு சேர்த்தார், உதிர்ந்தது. பாகு விட்டார், ஓடியது. மணி மூன்றே முக்கால். பதற்றத்தில் கைத்துணியை எரிகிற அடுப்போரமாகப் போட்டது அவருக்கே தெரியாது.

"ஐயோ, துணி! துணி!"

ஓடிவந்தவள் அந்தப் பெண்தான். புகைந்த துணியை இடுக்கியால் பிடித்து சிங்க்கில் எறிந்து குழாயைத் திறந்தாள். பிறகு கிண்ணத்தைப் பார்த்தாள்.

"பாகை ஆற வச்சீங்களா?"

அவர் மேடையில் கிடந்த விசிறியை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"ஆற வச்சா எப்படி ஒட்டும்? கொதிக்கக் கொதிக்க ஊத்தணும்! அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பாத்திருக்கேன். என்னைக் கேட்டா என்னவாம்? தள்ளுங்க!"

தள்ளி நின்றார். போச்சு, எல்லாம் போச்சு. நாலு மாசமாக முகம் சுளிக்காத பிள்ளை இன்றைக்குப் பார்த்தா கோபப்படணும்? அவள் மறுபடி பாகு காய்ச்சி, பொங்கும்போதே மாவில் ஊற்றிக் கரண்டியால் கிளறினாள். மாவு சமர்த்தாகத் திரண்டது. அவள் உருட்ட ஆரம்பித்தபோது அழைப்பு மணி அடித்தது.

பெரியம்மா நேரே அடுப்படிக்கு வந்தாள். தரையெல்லாம் மாவு, சிங்க்கில் கருகின துணி, புருவத்தில் வெள்ளையோடு ஒரு ஆள். எல்லாவற்றையும் ஒரு நோட்டம் விட்டாள். சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை.

"என்னடி கண்ணு, முடிவு பண்ணிட்டியா? இருக்கியா, வர்றியா?"

லிஃப்ட்காரர் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

அவள் உருட்டுவதை நிறுத்தவில்லை. "எப்படி பெரியம்மா வர்றது? அம்மா டியூட்டிக்குப் போயிடுறாங்க. இவருக்கு ஒண்ணுமே தெரியல. தனியா விட்டா வீட்டையே கொளுத்திடுவாரு."

பெரியம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றார் லிஃப்ட்காரர் அவசர அவசரமாக. கண் நிறைந்துவிட்டது. "எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க."