ஒன்பதாம் படுக்கையின் அலாரம்

இது நடந்தது. எனக்கே நடந்தது. பேய் என்றால் நள்ளிரவு, பனிமூட்டம், பாழடைந்த மாளிகை என்றுதான் நாவல்களில் படித்திருக்கிறேன். எனக்கு வந்தது பட்டப்பகலில், ஏசி இரைச்சலுக்கு நடுவே.

நான் கம்ப்யூட்டர் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியின் அடித்தளம். ஜன்னல் இல்லாத சர்வர் அறை. மேலே தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு மானிட்டர். நாடித்துடிப்பு இறங்கினால் அது இந்த சர்வர் வழியாக நர்ஸின் திரைக்கு அலாரம் அனுப்பும். நர்ஸ் பட்டனை அமுக்கும்வரை அனுப்பிக்கொண்டே இருக்கும். அமுக்கினால்தான் மானிட்டரில் பச்சை விளக்கு எரியும், அலாரம் நிற்கும்.

எட்டு நாளுக்கு முன் சர்வரில் புது கெர்னல் போட்டிருந்தார்கள். கெர்னல்தான் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உயிர்நாடி. அன்றிலிருந்து நெட்வொர்க் அவ்வப்போது செத்துச் செத்துப் பிழைத்தது. இது நடந்த அன்று அடியோடு படுத்துவிட்டது. ரீஸ்டார்ட் செய்தால் எழும், உடனே விழும்.

மேலிருந்து சிஸ்டர் போனில் கத்தினார்.

"தம்பி, பதினோரு பேரை ஒருத்தியா ஓடி ஓடிப் பாக்குறேன். உங்க கம்ப்யூட்டருக்கு மட்டும் ரெஸ்ட்டா?"

"பாத்துட்டே இருக்கேன் சிஸ்டர். லைன்லயே இருங்க."

எந்தப் படுக்கையின் செய்தி வரும்போது சிக்குகிறது என்று காட்டச் சொல்லி, கெர்னலுக்குள் ஒரு வரி எழுதினேன். ரீஸ்டார்ட்.

9.

9.

9.

"சிஸ்டர், ஒன்பதாவது பெட் மானிட்டரைக் கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க."

அவர் நடந்து போகும் சத்தம் கேட்டது. பிறகு...

"ஒன்பதுல மானிட்டரே இல்லயே தம்பி. ரிப்பேருக்குப் போயிருக்கு. பெட்டும் காலி."

வேறு ஏதோ கருவிக்கு அந்த எண்ணைக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஒன்பது என்று சீட்டு ஒட்டியிருந்த கேபிளைச் சர்வரிலிருந்து பிடுங்கினேன். அதன் விளக்கு அணைந்தது. கேபிள் என் கையில் தொங்கியது.

9.

9.

செய்தியைத் திறந்து பார்த்தேன். அலாரம்தான். நாடித்துடிப்பு 41. அடுத்தது 38. அதற்கடுத்தது 33. நேரம்... அந்த நிமிடத்தின் நேரம். 2:17.



"சிஸ்டர்... அந்த பெட்ல யார் இருந்தாங்க?"

"ஒரு டீச்சரம்மா." குரல் உடைந்தது. "போன வாரம் போயிட்டாங்க. நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன் தம்பி. அலாரம் அடிச்சிருந்தா ஓடியிருப்பேன். அடிக்கவே இல்ல..."

கெர்னல் நிரலில் இருந்த பிழை அதே நேரத்தில் கண்ணில் பட்டது. அலாரம் வந்தால், வேறு செய்தி குறுக்கே வராமலிருக்க, கெர்னல் ஒரு பூட்டைப் போடுகிறது. அதைத் திறக்கும் வரியை எழுதாமல் விட்டிருக்கிறார்கள். அந்த அலாரமும் போகாது, பின்னால் வரும் எதுவும் போகாது.

ஒரே ஒரு வரி. எழுதினேன். ரீஸ்டார்ட்.

"வந்துருச்சு! எல்லா பெட்டும் வந்துருச்சு தம்பி..."

சட்டென்று நிறுத்தினார்.

போனில் கேட்டது.

டிங்... டிங்... டிங்...

"தம்பி. ஒன்பது அடிக்குது."

"பட்டனை அமுக்குங்க."

டிங்... டிங்...

"சிஸ்டர், அமுக்குங்க!"

"வந்துட்டேம்மா," என்றார். என்னிடம் அல்ல.

டிங்—

அமைதி.

என் திரையிலும் ஒன்பது வருவது நின்றது.

பிழைக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தேன். விடுபட்ட வரியைப் பற்றி மட்டும் எழுதினேன். கையில் கேபிள் இருந்ததைப் பற்றி எழுதவில்லை.

நான்கு நாள் கழித்து மானிட்டர் ரிப்பேர்காரர் போன் செய்தார்.

"சார், உங்க ஒன்பதாம் நம்பர் மெஷின். பேட்டரியைக் கழட்டி ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. கரண்டும் குடுக்கல. நாலு நாளைக்கு முன்னாடி மத்தியானம் சாப்பிட உக்காந்தேன், ரெண்டேகால் ரெண்டரை இருக்கும்... தானா பச்சை லைட் எரிஞ்சுது."

மேஜையில் கிடந்த ஒன்பதாம் கேபிளைப் பார்த்தேன்.

"இன்னும் எரியுது சார். இதை எப்படி அணைக்கிறது?"