தாய்மாமன் சீரில் விட்டுப்போன ஒரு தட்டு

முந்தாநாள் சின்னமனூரில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் என்பதால் மேளதாளத்தோடு ஒன்பது தட்டுச் சீர் கொண்டுபோனேன்.

அக்கா வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்து வந்திருந்தார். பந்தியிலேயே எனக்குப் பாடம் எடுத்தார்.

"மாப்ள, எங்க ஊர்ல ஒரு மிட்டாய்த் தாளை ரோட்டுல போட முடியாது. உடனே ஃபைன். நம்ம ஆளுகளுக்கு அந்த ஒழுக்கம் எப்ப வரும்?"

தலையாட்டி வைத்தேன்.

இன்று காலை, காதுகுத்து நடந்த மண்டபத்துக்குக் கீழே உள்ள எங்கள் வயலுக்கு மடையைத் திறந்தேன். சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கையை விட்டு இழுத்தால் பிளாஸ்டிக் கப். இழுக்க இழுக்கக் கப். கூடவே மருமகள் படம் அச்சடித்த தாம்பூலப் பைகள்.

மண்டபம் கூட்டும் பெண்ணிடம் போய்க் கேட்டேன்.

"ஒங்க மச்சான்தேன் எல்லாத்தையும் வாய்க்கால்ல கொட்டச் சொன்னாக."

அவ்வளவுதான். பெரிய தாம்பாளம் ஒன்றில் சேறு வடியும் அத்தனையையும் குவித்தேன். மேலே பட்டுத்துணி போட்டு மூடினேன். முந்தாநாள் வாசித்த அதே மேளக்காரரை முன்னால் நடக்கவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

மச்சான் சிரித்த முகமாக வந்து துணியை விலக்கினார்.

"என்ன மாப்ள இது?"

"சீரு மச்சான். ஒரு தட்டு விட்டுப்போச்சு."

"ஏலே, நாலு பேரு முன்னாடி மானத்த வாங்குறியேடா!" என்று உள்ளிருந்து அக்கா கத்தினாள்.

ரோட்டில் ஒரு கப்பைக்கூட நான் போடவில்லை. எல்லாவற்றையும் உரியவர் கையிலேயே ஒப்படைத்துவிட்டேன். எனக்கு ஒழுக்கம் வந்துவிட்டதா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.