வராதவளுக்குப் போட்ட வரவு

வகுப்பாசிரியர் வேலை என்றால் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது என்று நினைத்துத்தான் நானும் நியமனக் கடிதத்தில் கையெழுத்து வைத்தேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைச் சின்னப் பள்ளிக்கூடங்களில் பதினோராம் வகுப்பை ஒரு தடவையாவது பொறுப்பெடுத்தவர்களுக்கு உண்மை தெரியும். முதல் வேலை பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பது, இரண்டாவது வேலை பிடித்ததாக எழுதுவது, நேரம் மிஞ்சினால் கணக்குப் பாடம். உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப் போவதில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

பாதை நின்ற நாள்

நகரத்திலிருந்து வரும் ஆசிரியர்களை அக்கரை சேர்ப்பது பாதை. பாதை என்றால் இங்கே தெருவல்ல. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் பெரிய இரும்புத் தட்டு. ஒரு நாள் இயந்திரம் கோளாறாகி, நடு வாவியில் ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் காய்ந்தோம். வேர்த்து விறுவிறுத்துப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தால், என் வகுப்பில் பதினான்கு பேரும் சத்தமில்லாமல் இருக்கிறார்கள். நிலுஷா கரும்பலகையில் முந்தின நாள் கணக்கைச் செய்து காட்டிக்கொண்டிருந்தாள். அந்த வகுப்பில் கணக்கு ஓடுவது அவள் ஒருத்திக்குத்தான். கொப்பித்தாள் ஒன்றில் பெயர்களை எழுதி வரவும் எடுத்து வைத்திருந்தாள். தாளை என்னிடம் நீட்டி, "எல்லாரும் வந்திரிக்கம் டீச்சர், உங்களுக்குத்தான் பூச்சியம் போட்டிரிக்கி" என்றாள்.

முகம் காட்டுதல்

எங்கள் இடாப்பில், அதுதான் வரவுப் பதிவேட்டில், வந்தால் ஒரு கோடு, வராவிட்டால் சிவப்பில் ஒரு பூச்சியம். பூச்சியம் கூடினால் பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் ஓ.எல் பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்ப முடியாது என்று மேலிடத்திலிருந்து அடிக்கடி கடிதம் வரும். ஆனால் வேளாண்மை வெட்டுத் தொடங்கிவிட்டால் பாதி வகுப்பு வட்டையில், அதாவது வயல்வெளியில் நிற்கும். வயிற்றுப்பாட்டை நிறுத்திவிட்டு வா என்று யாரிடம் சொல்வது? அதனால் எங்கள் பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. காலையில் வாசலில் வந்து முகத்தைக் காட்டிவிட்டு வயலுக்குப் போனால் அது வரவு.

போகப்போக முகம்கூடத் தேவைப்படவில்லை. தங்கச்சி வந்து "அண்ணன் வயலில டீச்சர்" என்றால் அதுவும் வரவு. பொய் என்று தெரிந்துதான் போட்டேன். மனம் உறுத்திய ஒரு நாள் பள்ளிக்கூட அதிபரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தாமலே, "கோட்டப் போடுங்க டீச்சர், கோடு ஆரையும் கொல்லாது" என்றார்.

யானை மிதித்த கொப்பி

வெட்டு முடிந்து நெல் மூட்டை வீட்டுக்கு வந்தால் பின்னாலேயே யானையும் வரும். என் வகுப்புக் கஜனின் வீட்டுச் சுவரை யானை இடித்து நெல்லைத் தின்றுவிட்டுப் போனது. வீட்டில் யாருக்கும் உயிர்ச்சேதமில்லை, அது பெரிய காரியம். ஆனால் மூட்டைக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த கொப்பிகள் எல்லாம் சேற்றோடு சேறு. இனிப் படித்தது போதும் என்று அவன் நின்றுவிட்டான். நிலுஷா தன்னுடைய கணக்குக் கொப்பிகளைப் பார்த்து, விடுமுறை முழுக்க உட்கார்ந்து அவனுக்கு மறுபடி எழுதிக் கொடுத்தாள். அவன் திரும்பி வந்த அன்று கொப்பியைத் தூக்கிக் காட்டிச் சொன்னான்: "யானை நல்ல வேலதான் செஞ்சிரிக்கி டீச்சர், என்ட பழைய கொப்பியில ஒரு கணக்கும் சரியில்ல."

போனில் வந்த தாய்

பெற்றோர் கூட்டத்துக்குப் பதினான்கு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஐந்து பேர் வந்தார்கள். வராத தாய்மாரில் பாதிப்பேர் வெளிநாட்டில். நிலுஷாவின் தாய் குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை. தகப்பன் வாவியில் வலை வீசுகிறவர். கூட்டம் என்றால் பள்ளிக்கூடப் பக்கமே தலை வைத்துப் படுக்கமாட்டார். நிலுஷா தாயைப் போனில் கொண்டுவந்து, என் மேசைமேல் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்தாள். திரையில் ஒரு சமையலறைச் சுவரும் பாதிக் கன்னமும் தெரிந்தன. நான் தவணைப் பரீட்சைப் புள்ளிகளை வாசிக்கத் தொடங்க, அந்தத் தாய் குரலைத் தாழ்த்தினார்: "கெதியாச் சொல்லுங்க டீச்சர், மெடம் வாறா. என்ட புள்ள ஓ.எல் எழுதிருவாதானே? நான் இஞ்ச கிடந்து மாயுறது அதுக்குத்தான்."

திங்கட்கிழமை வருவா

இரண்டாம் தவணை நடுவில் நிலுஷா உட்காரும் கதிரை காலியானது. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு கிழமை. நல்லாப் படிக்கும் பிள்ளைக்குப் பூச்சியம் போடக் கை வருமா? கோட்டைப் போட்டுவிட்டு வீடு தேடிப் போனேன். தகப்பன் முற்றத்தில் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். கதிரை எடுத்துப் போட்டார், பிளேன்டீ தந்தார். மகள் வாழைச்சேனையில் மாமி வீட்டில் நிற்கிறாள், காய்ச்சல், அவ்வளவுதான் என்றார்.

உள்ளே சுவரில் அவளுடைய புத்தகப் பை ஆணியில் தொங்கியது. பரீட்சை எழுதப் போகிறவள் புத்தகத்தை விட்டுவிட்டா போவாள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கடைசிப் பாதையைப் பிடிக்கும் அவசரம் எனக்கு. அதற்குப் பிறகு ஆறு கிழமை, அவர் வழியனுப்ப வந்து வாசல் படலையில் வைத்துச் சொன்ன ஒரு வசனத்தை நம்பிக் கோடு போட்டேன்: "திங்கக்கிழம கட்டாயம் வருவா டீச்சர், நீங்க அவட பேர மட்டும் வெட்டிராதங்க."

ஒரு பெயரை மட்டும் பார்த்தவர்

பரீட்சை விண்ணப்பங்கள் அனுப்பிய கிழமை, கையில் ஹெல்மெட்டும் ஒரு பைலுமாக ஒருவர் அதிபரின் அறைக்கு வந்தார். ஒபிசிலிருந்து வருகிறேன் என்றார். எந்த ஒபிஸ் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பதினோராம் வகுப்பு இடாப்பைக் கேட்டு வாங்கி, நிலுஷாவின் பெயரில் விரலை வைத்தார். வரவைச் சோதிக்கத்தான் வந்திருக்கிறார், பிடிபட்டால் பிள்ளைக்கு ஓ.எல் போய்விடும் என்று நானும் அதிபரும் நினைத்தோம். வருடக்கணக்காக முகத்துக்கு வரவு போட்ட எங்களுக்கு வேறு என்ன தோன்றும்?

பிள்ளை ஒழுங்காக வருகிறாளா என்று கேட்டார். "ஓம் சேர், நல்ல புள்ள, இண்டைக்கு மட்டும்தான் காய்ச்சல்" என்றேன். நாக்குத் தடுமாறவே இல்லை. அவர் கோடுகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். பைலை மூடிக்கொண்டு எழும்பினார். முகத்தில் பெரிய நிம்மதி. "நான் சிறுவர் விசயம் பாக்குறவன் டீச்சர். இந்தப் புள்ளட படிப்ப நிப்பாட்டி ஒருத்தனுக்குக் கட்டிக் குடுத்திட்டாங்க எண்டு ஒரு போன் வந்த. நாள் தவறாம பள்ளிக்கு வாற புள்ளயெண்டா அது பொய்தானே."

அதற்குப் பிறகு

அவருடைய மோட்டார் சைக்கிள் வாசலைத் தாண்டும்வரை எனக்கு நேரம் இருந்தது. ஓடிப்போய் மறித்திருக்கலாம். அதிபர் என்னைப் பார்த்தார், நான் இடாப்பைப் பார்த்தேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். இதை இதைவிட அழகாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அந்த உத்தியோகத்தரைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை, உடனே பொலிசோடு வாழைச்சேனைக்குப் போனார். மாமியின் வீடு பூட்டிக் கிடந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஒருவர் வந்து இடாப்பைப் பார்த்த செய்தி முந்தின நாள் பின்னேரமே தகப்பனின் காதுக்குப் போயிருக்கிறது. பிள்ளையையும் கட்டியவனையும் ஊரைவிட்டு அனுப்பிவிட்டார்கள். தகப்பனைக் கூட்டிப்போய் விசாரித்தும் கொழும்புப் பக்கம் என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. இன்னும் தேடுகிறார்கள். பதினாறு வயது அவளுக்கு.

விண்ணப்பம் முன்பே போயிருந்ததால் அனுமதி அட்டைகள் பதினான்கும் வந்தன. பதின்மூன்று பேர் எழுதினார்கள். பரீட்சை முடிந்த அன்று குவைத்திலிருந்து அழைப்பு வந்தது. தாய் அழுது முடித்திருந்தார் போல, குரல் வறண்டிருந்தது. என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். "ஒபிசுக்கு போன் எடுத்தது நான்தான் டீச்சர். பள்ளிக்கூடத்தில போய்க் கேளுங்க, அங்க டீச்சர் உண்மையச் சொல்லுவா எண்டு நான்தான் சொன்ன."

இத்தனை வருடச் சேவையில் ஒரு பூச்சியமும் விழாமல் நான் நிரப்பிய வரவு அந்தப் பிள்ளையுடையது ஒன்றுதான்.