கல்லில் தங்கிய சூடு

பன்றிகள் மீது எனக்கு இருந்தது லேசுப்பட்ட கோபம் இல்லை. வெலிமடையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த விதை உருளைக்கிழங்கை, நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே இருந்த துண்டு நிலத்தில் நானும் அம்மாவுமாக ஊன்றியிருந்தோம். பக்கத்தில் நாலு பாத்தி லீக்ஸ். ஒரு ராத்திரியில் பன்றிக் கூட்டம் வந்து எல்லாவற்றையும் உழுது போட்டுவிட்டுப் போய்விட்டது. கிழங்கைத் தின்றதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். லீக்ஸைத் தின்னாமல் வெறுமனே மிதித்துப் போட்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. நேரே ஆபீசுக்குப் போய், தோட்டத்து மேனேஜரான துரையிடம் சத்தம் போட்டேன். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள் என்பதால் அவர் என்னை வெளியே போகச் சொல்லவில்லை.

"டீச்சர், சும்மா கத்த வேணாம். என் சிநேகிதர் ஒருத்தர் வெளிநாட்டுலருந்து வந்திருக்காரு. பன்னி வேட்டைக்குன்னே ஒரு சாமான் வச்சிருக்காரு. சனிக்கிழம பொழுதுபட வாறோம். நீங்க எடத்தக் காட்டுங்க" என்றார். அவர் சிங்களவர். தமிழை எங்கள் ஆட்களிடமே கற்றுக்கொண்டதால் எங்களைப் போலவே பேசுவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கண்டிப்பாக இருந்தார். பஸ் ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும் குறுக்குப் பாதை அந்தச் சரிவில்தான் போகிறது. அன்று மாலை அதில் ஒரு ஆள்கூட நடக்கக் கூடாது. சனிக்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்குப் பிரித்து அனுப்ப எல்லாரும் கூடியிருந்த நேரத்தில், கங்காணி இதைத் தொண்டை கிழியச் சொன்னார். நானும் விடவில்லை, லயம் லயமாகப் போய்ச் சொன்னேன். ஏதாவது ஆகிவிட்டால் என் கிழங்குக்காக ஒரு உயிர் போனதாகிவிடும் என்ற பயம் எனக்கு இருந்தது. அம்மாவுக்குச் சொல்லும் தேவை மட்டும் வரவில்லை. என் தங்கச்சியின் பிரசவத்துக்குத் துணையாக அவள் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வருவதாக இல்லை.

சொன்னபடி துரை வேட்டைத் துவக்கோடு வந்தார். கூட வந்த வெள்ளைக்காரரின் கழுத்தில் ஒரு கறுப்புக் குழாய் தொங்கியது. கைக்கு அடக்கமாக, ஒரு பால் போத்தல் அளவுதான் இருக்கும். ஒரு முனையில் கண்ணை வைக்க ரப்பர் வளையம். சண்டையை நிறுத்திச் சமாதானம் பேசிக்கொண்டிருந்த வருஷங்கள்தான் அவை. ஆனாலும் எங்கள் பையன் ஒருவன் அதைப் பையில் போட்டுக்கொண்டு ஹாலிஎல டவுன் வரைக்கும் போயிருந்தால், அவனை எந்த ஆமிக் காம்பில் தேடுவது என்று நாங்கள் அலைந்திருப்போம். இவர் அதைச் சாமி டாலர் மாதிரி வெளியே தெரியத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார்.

காய்கறித் துண்டுக்கு மேலே இருந்த கல்லுக்கட்டின் பின்னால் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மழை தூறி ஓய்ந்து, ஸ்பிரிங்வெளிப் பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் முழுசாக இருட்டவில்லை, ஆனால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. துரை டோர்ச்சை அடித்துப் பார்த்தார். எதிரே வெள்ளைச் சுவர்தான் எழுந்து நின்றது. "இதுல என்னத்தத் தெரியப்போகுது?" என்று நான் முணுமுணுத்தேன். வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே குழாயை என்னிடம் நீட்டினார். இது வெளிச்சத்தைப் பார்க்காது, சூட்டைத்தான் பார்க்கும், சூடாக இருப்பது வெள்ளையாகத் தெரியும் என்று இங்கிலீஷில் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. கண்ணை வைத்ததும் விளங்கியது.

பனிமூட்டத்தையே காணோம். மேலே லயம், வரிசை வரிசையாக அடுப்புச் சுவர்கள் வெளுத்துக் கிடந்தன. கூட்டுக்குள் கோழிகள் தணல் போல நெருங்கி உட்கார்ந்திருந்தன. வாசல்களில் நின்ற ஆட்களுக்கு முகம் இல்லை, ஆனால் தலையும் நெஞ்சும் கையும் அப்படியே ஒளிவிட்டன. கீழே திருப்பினேன். வெறும் தேயிலை என்று நான் நினைத்திருந்த சரிவில், ஒரு செடியின் அடியில் முயல் ஒன்று காதை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நிழல் மரத்தில் ஏதோ ஒரு பறவை. அதன் வயிற்றுக்குக் கீழே இன்னும் சின்னதாக மூன்று வெள்ளைப் பொட்டுகள். குஞ்சுகள்! குழாயை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன். மரமே தெரியவில்லை. மறுபடி கண்ணை வைத்தேன். குஞ்சுகள் இருந்தன.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நான் பிறந்து வளர்ந்த மலை அது. அதில் இத்தனை உயிர்கள் இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. கும்பிட வேண்டும் போல இருந்தது. குழாயைக் கீழே போட்டுவிடுவேனோ என்ற பயத்தில் கும்பிடவில்லை. வெள்ளைக்காரர் பதமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அவர் துரையின் தோளைத் தட்டினார். ரோட்டுப் பக்கமிருந்து ஒன்று ஏறி வருகிறது, பெரியது, என்றார். துரையும் வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். துவக்கைக் கல்லுக்கட்டின் மேல் வைத்து நீட்டினார். அது சின்னக் குண்டுகள் சிதறிப் போகிற தோட்டா, குறி அவ்வளவு சரியாக இருக்க வேண்டியதில்லை, திசை தெரிந்தால் போதும்.

"ஆளு இல்லியே தொரை?" என்று கேட்டேன்.

"ஆளுன்னா தல தெரியும், நெஞ்சு தெரியும். லயத்துல பாத்தீங்கதானே? இது மங்கலா, தரையோட தரையாப் போகுது. பன்னிதான்."

நியாயமாகத்தான் இருந்தது. அதற்குள் வெள்ளைக்காரர் மறுபடி ஏதோ கிசுகிசுத்தார். பெரியது ஓர் இடத்தில் நின்றுவிட்டு நகர்ந்துவிட்டதாம், அது நின்ற இடத்தில் இப்போது சின்னதாக ஒன்று தெரிகிறதாம். குட்டியாக இருக்கும் என்றார். துரைக்கு ஆசை வந்துவிட்டது. "ரெண்டும் சேரட்டும்" என்று விரலை விசையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

குட்டி என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளைக்காரரின் கையிலிருந்து குழாயைப் பறிக்காத குறையாக வாங்கினேன். பெரியது தேயிலைக்குள் மெதுவாக அசைந்து வந்துகொண்டிருந்தது. குட்டி அசையவே இல்லை. அது தரையிலும் இல்லை, தரைக்கு மேலே இடுப்பளவு உயரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க அதன் வெள்ளை மங்கிக்கொண்டே வந்தது. எந்தக் குட்டி இப்படி இருந்த இடத்திலேயே கரையும்? அதற்கு மேலே சாய்வாக ஒரு கறுப்புக் கோடு. தகரம். அது எந்த இடம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த மலைக்குக் காவல் முனி. ஒரு நட்ட கல், மழை படாமல் இருக்க மேலே ஒரு தகரம், அவ்வளவுதான் கோயில். கொழுந்தெடுக்க மலையில் இறங்கும்போதும் ஏறும்போதும் பெண்கள் அந்தக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் போக மாட்டார்கள். கல்லில் தெரிந்தது குட்டி இல்லை, ஒரு ஆள் கையை வைத்துவிட்டுப் போன சூடு.

"சுடாதீங்க! ஆளு! ஆளு!" என்று அலறிக்கொண்டே துவக்கின் குழலை மேலே தள்ளினேன். துரை பின்பக்கமாக விழுந்தார். துவக்கு வெடிக்கவில்லை.

பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "எவடி அவ, பொழுதுபட்ட நேரத்துல இந்தக் கத்துக் கத்துறவ?"

அம்மா.

ஏறி வந்தாள். தலையிலிருந்து முழங்கால் வரை ஈரக் கம்பளி. இடுப்பைச் சுற்றி மழைக்குக் கட்டுகிற படங்கு. முதுகில் துணி மூட்டை, அதன் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு, கொழுந்துக் கூடை சுமக்கிற பழக்கத்தில் குனிந்தே வந்திருக்கிறாள். ஈரக் கம்பளிக்குள்ளும் குனிவுக்குள்ளும் தலையும் நெஞ்சும் அந்தச் சாமானுக்குத் தெரியாமல் போய்விட்டன.

"நாளைக்குத்தானே வாறேன்னு சொன்ன?" என்றேன்.

"பொம்பளப் புள்ள பொறந்திருக்குடி. ரெண்டு உசிரும் நல்லா இருக்கு. ஒனக்குச் சொல்லாம இருப்புக்கொள்ளல. கெடச்ச பஸ்ஸப் புடிச்சு வந்துட்டேன்."

"முனி கல்லுல எவ்வளவு நேரம் கைய வச்சிருந்த?"

"அதென்னடி கேள்வி? ரெண்டு கையையும் வச்சு நல்லா அழுதுட்டு வந்தேன்."

மற்ற நாள் என்றால் விரல் நுனியால் தொட்டுவிட்டு நடந்திருப்பாள். கல்லில் ஒரு தடமும் நின்றிருக்காது.

துரை தோட்டாவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கல்லுக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று வெள்ளைக்காரர் என்னைக் கேட்டார். "மை மதர்" என்று மட்டும் சொல்லிக் குழாயை அவர் கையில் வைத்தேன்.

"தொரை எதுக்கு இங்க? துவக்கு எதுக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"பன்னிக்கு" என்றேன்.

"சுட்டாங்களா?"

"இல்ல."

"நீ கத்துன கத்துல அது எங்க நிக்கப்போகுது?" என்று சொல்லிவிட்டு அவள் லயத்துப் பக்கம் நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். தூறல் மறுபடி ஆரம்பித்தது. அவள் கம்பளியை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். தலை மறுபடி அதற்குள் மறைந்துவிட்டது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. பிடித்து இழுத்துத் தலையிலிருந்து உருவி என் கையில் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

"ஒனக்குப் பைத்தியமாடி? மழையில நனைய விடுறியே!"

லயம் வரும் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். நான் கம்பளியைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.