மாறாமல் நின்ற ஐம்பத்தேழு கிலோ

1. காலை 6.10

ஒரு செவ்வாய்க்கிழமை காலை 6.10க்குத் தமிழரசியிடமிருந்து போன் வந்தது. வீட்டில் டயாலிசிஸ் செய்பவர்கள் அந்த நேரத்தில் டயாலிசிஸ் யூனிட் நர்ஸான என்னைக் கூப்பிட்டால் ஏதோ கோளாறு என்று பொருள். இரவு பத்துக்குப் போட்ட மிஷினை ஐந்தரைக்குக் கழற்றுவார்கள். எல்லாம் நல்லபடி முடிந்தால் எடையும் பி.பி.யும் குறித்த லாக் ஷீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புவதோடு சரி.

“சிஸ்டர், வாசல்லயே வுழுந்துட்டாரு. கண்ணு இருட்டுதுன்றாரு, நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்றாரு.”

“பி.பி. பாத்தியா?”

“எம்பத்தாறு, அம்பது.”

நான் வில்லியனூரில், என் வீட்டில் நின்றிருந்தேன். அவர்கள் வீடு பாகூரையும் தாண்டிக் குருவிநத்தத்தில், உடனே போய்ச் சேர முடியாத தூரம்.

“படுக்க வெச்சு, காலுக்கு ரெண்டு தலகாணி வை. அரை டம்ளர் தண்ணில ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடு.”

தலையணையை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

“தமிழு, குடுத்தியா?”

“தண்ணியா? உப்பா? இந்த ரெண்டையும் தொடக்கூடாதுன்னு ஒரு வருஷமா உசுர வாங்கனதே நீங்கதானே சிஸ்டர்?”

“ஆமா, நான்தான். இப்பவும் நான்தான் சொல்றேன், குடு.”

பின்னாலிருந்து அவள் கணவர் மணிவேலின் குரல் மெலிதாகக் கேட்டது. “குடுடி, சிஸ்டர் மனசு மாறறதுக்குள்ள.”

பேசுகிறார் என்பது கொஞ்சம் ஆறுதல். ஆனால் நெஞ்சு படபடப்பு என்ற சொல் என்னை விடவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு நேராக மருத்துவமனைக்குக் கிளம்பினேன்.

2. சிவப்பு எண்

மணிவேல் கரும்பு விவசாயி, வயது நாற்பத்தெட்டு. சிறுநீரகம் செயலிழந்த பின் இரண்டு ஆண்டுகள், வாரம் மூன்று முறை எங்கள் யூனிட்டுக்கு வந்தார். இடையில் உடம்பில் சேரும் நீரை நான்கே மணி நேரத்தில் எடுத்தாக வேண்டும். அந்த அவசரம் இதயத்துக்குப் பெரிய பாரம். எக்கோ ஸ்கேனில் அவருடைய இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருந்தது. நான்கு வகை பி.பி. மாத்திரை சாப்பிட்டும் பி.பி. அடங்கவில்லை.

அதனால்தான் எங்கள் டாக்டர் இரவு டயாலிசிஸுக்கு மாற்றினார். வாரத்தில் ஐந்து இரவு, தூக்கத்திலேயே ஏழரை மணி நேரம், மெதுவாக. ஊசி குத்துவதிலிருந்து அலாரம் வரை கணவன் மனைவி இருவருக்கும் பயிற்சி கொடுத்து, வீட்டில் தனியாகச் செய்யலாம் என்று கையெழுத்துப் போட்டது நான்.

பி.பி. இறங்கியது. மாத்திரைகள் ஒவ்வொன்றாக நின்றன. வாய்க்குப் பிடித்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

உடம்பில் மிகுதி நீர் இல்லாதபோது இருக்கும் எடையை டிரை வெயிட் என்போம். ஒவ்வோர் இரவும் மிஷின் அந்த எடைக்குத்தான் நீரை இழுத்துக் கொண்டுவரும். மணிவேலுக்கு அது 57 கிலோ. மிஷினுக்கு மேலே சுவரில் சிவப்பு மார்க்கரால் நானே எழுதி வைத்தேன். தமிழரசியின் லாக் ஷீட்டில் காலை எடை 57.0, 57.1, 57.0 என்று மாதக்கணக்கில் நேர்க்கோடாக ஓடியது. லாக் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று யூனிட்டில் மற்றவர்களுக்குக் காட்டினேன்.

அவர் விழுவதற்கு மூன்று வாரம் முன்பு போனில் தமிழரசி சொன்னாள்: “அரணாக்கவுறு இறுக்குதுன்னாரு சிஸ்டர். அவுத்துட்டுப் புதுசு கட்டியிருக்கு.”

இடுப்பு பெருத்தால் நீர் என்றே என் பழகிய மூளை முடிவு செய்தது.

“மோரு ஊத்திக் குடுக்கிறியா?”

“சத்தியமா இல்ல சிஸ்டர்.”

நான் நம்பவில்லை. டாக்டரைக் கேட்காமல் அரை கிலோ வரை மாற்ற எனக்கு அனுமதி உண்டு. 56.5 ஆக்கச் சொன்னேன். நேரில் போய்ப் பார்க்கவில்லை.

3. கெண்டைக்கால்

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நான் வெளியே நின்றேன். இதயத் துடிப்பு தாறுமாறாகப் போயிருந்தால்? எந்த இதயத்தைக் காப்பாற்ற அவரை வீட்டுக்கு அனுப்பினோமோ அதுவே நின்றிருந்தால், அந்த வீட்டில் எந்த முகத்தோடு போய் நிற்பேன்? டைரியில் நேரம் குறித்துவிட்டு மறுபடி கதவருகே போய் நின்றேன்.

ஈ.சி.ஜி. சீராக வந்தது. டாக்டர் எக்கோ முடித்து என்னை உள்ளே கூப்பிட்டார். மணிவேலின் கெண்டைக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார்.

“குழி விழுதா?”

விழவில்லை. நீர் கோத்திருந்தால் குழி விழும்.

“தண்ணி எங்க இருக்கு சிஸ்டர்? இது சதை. ஹார்ட் சுவரோட தடிப்பு போன வருஷத்துக்கு நல்லாவே கொறஞ்சிருக்கு. ஹார்ட்டும் தேறியிருக்கு, ஆளும் தேறியிருக்காரு. நாம மட்டும் பழைய எடைக்கே இழுத்துட்டு இருக்கோம். சதை ஏற ஏற, அந்த அளவுக்கு உடம்புக்கு வேண்டிய தண்ணியையே எடுத்துட்டோம்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இப்படியே ராத்திரி ராத்திரி காய விட்டிருந்தா, ரத்த ஓட்டம் கொறஞ்சு, தேறின ஹார்ட்டை நாமளே திரும்பக் கெடுத்திருப்போம்.”

‘நாம’ என்றார். நான் என்பதே சரி.

4. அரை அரைக் கிலோ

அவர் வீடு திரும்பியதும் குருவிநத்தத்துக்குப் போனேன். சுவரிலிருந்த எண்ணை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு, தவறு என்னுடையது என்று இருவரிடமும் சொன்னேன். மோர் விஷயத்தில் தமிழரசியிடம் தனியாக மன்னிப்பும் கேட்டேன்.

“அப்ப நான் ஆக்கிப் போட்டது உடம்புல ஒட்டிச்சி. நீங்க அதைத் தண்ணின்னு கணக்குப் பண்ணிட்டீங்க. இன்னா சிஸ்டர் இது!” என்றாள்.

“வுடு. என் வூட்ல நல்ல சோறு போடறாங்கன்னு எக்கோ மிசினே சொல்லிடிச்சி,” என்றார் மணிவேல்.

அவர்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. எடையை அரை அரைக் கிலோவாக ஏற்றச் சொல்லியிருந்தார் டாக்டர். கொஞ்சம் கூடினாலும் நீர் தேங்கி, அதே இதயத்தின் மேல் மறுபடி பாரம் ஏறும். இரண்டு வாரம், தினமும் காலை ஐந்தரையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 58.5இல் பி.பி. 122க்கு 74 என்று நின்றது. காலில் வீக்கம் இல்லை. எழுந்து நிற்கும்போது தலை சுற்றவில்லை. அடுத்த மாதம் அந்த எண்ணும் தவறாகலாம் என்பது இப்போது எனக்குத் தெரியும்.

புதிதாக வரும் டெக்னீஷியன்களுக்கு ஒன்று சொல்வேன். டயாலிசிஸ் நன்றாக நடந்தால் நோயாளி மாறுவார். லாக் ஷீட்டில் ஒரே எடை மாதக்கணக்கில் நின்றால் பெருமைப்படாதீர்கள், பயப்படுங்கள். வண்டியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போங்கள். என்ன சாப்பிடுகிறார் என்று கேளுங்கள், சொல்வதை நம்புங்கள், காலை உங்கள் விரலால் அழுத்திப் பாருங்கள்.