மூன்றாவது பின்னூட்டம்

இரண்டாயிரத்து ஆறிலோ ஏழிலோ நான் வலைப்பதிவு எழுத ஆரம்பித்தேன். கணவருக்கு அணுசக்தித் துறையில் வேலை, அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ். எனக்குச் செங்கல்பட்டில் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் ஆசிரியை வேலை. தினமும் திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் அன்றைக்கு ஒரு பதிவு தேறிவிடும். வகுப்பில் பிள்ளைகள் சொன்ன பதில்கள், குவார்ட்டர்ஸ் குரங்குகளின் அட்டகாசம், ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்ட கதை என்று எழுதிக்கொண்டிருந்தேன். வாசகர்கள் முப்பது பேர் இருந்திருப்பார்கள். அந்த முப்பது பேரும் பதிவர்கள்.

அந்த உலகத்துக்கு யாரும் எழுதிவைக்காத சில முறைகள் இருந்தன. பின்னூட்டம் போட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல வேண்டும். மொத்தமாக ஒரு நன்றி போட்டால் தலைக்கனம் என்பார்கள். புதிதாக வந்தவருக்கு 'முதல் வருகைக்கு நன்றி'. முதலில் வந்து 'மீ த ஃபர்ஸ்ட்டு' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவரிடமும் கோபிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நமக்குப் பின்னூட்டம் போட்டவருக்கு நாமும் போய்ப் போட வேண்டும். இதை நாங்களே 'மொய்' என்றுதான் சொல்லிக்கொள்வோம். திருப்பி எழுதாவிட்டால் சண்டையெல்லாம் வராது. மூன்று வாரத்தில் அவர் வருவது நின்றுவிடும்.

என் பதிவுக்குத் தவறாமல் வருகிறவர்களில் ஒருவர் கவிதை எழுதுகிறவர். ஒரு பறவையின் பெயரைப் புனைபெயராக வைத்திருந்தார். பன்னிரண்டு வரிக்கு மேல் போகமாட்டார். தலைப்பு எப்போதும் ஒரே சொல். என் ஒவ்வொரு பதிவுக்கும் வந்து 'கலக்குறீங்க அக்கா' என்று எழுதுவார். ஒருமுறை, 'நானும் உங்க பக்கம்தான், திருக்கழுக்குன்றத்துல டிடிபி சென்டர் வெச்சிருக்கேன்' என்று சொல்லியிருந்தார். இருபத்தைந்து வயதுப் பையன் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் கவிதையில் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் மொய் இருக்கிறதே. பள்ளியில் நாற்பது ரெக்கார்டு நோட்டுகளுக்குப் பக்கம் புரட்டி டிக் போட்டுப் பழகிய கை. அதே வேகத்தில் அவர் பக்கத்தைத் திறப்பேன், 'அருமை, தொடருங்கள்' என்று தட்டுவேன், மூடுவேன். ஒரு வருடத்துக்கு மேல் இப்படிப் போனது. அவரும் ஒவ்வொரு முறையும் 'நன்றி அக்கா' என்று பதில் எழுதினார்.

ஒரு நாள் மாலை பள்ளியிலிருந்து வந்து, குக்கர் வைத்துவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தேன். அவர் புதிதாக ஒன்று போட்டிருந்தார். தலைப்பு 'சோப்பு'. இரண்டு பேர் ஏற்கெனவே பின்னூட்டம் போட்டிருந்தார்கள். மூன்றாவதாக நான் என் வழக்கமான இரண்டு சொற்களைப் போட்டுவிட்டு, குக்கரை இறக்கப் போனேன்.

மறுநாள் காலையில் துபாயில் இருக்கும் ஒரு பதிவர் தோழியிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. ஒரே வரி. 'என்னப்பா, அவரோட அப்பா இறந்ததுக்குப் போய் அருமை, தொடருங்கள்னு போட்டிருக்க?'

அப்போதுதான் நான் 'சோப்பு' படித்தேன். 'நேற்று காலை அவர் தேய்த்த சோப்பு இன்னும் காயவில்லை. அவரைக் குளிப்பாட்டக் கடையில் புதிய சோப்பு வாங்கி வந்தார்கள்.' இதுதான் அதன் சாரம். கீழே சின்ன எழுத்தில், 'அப்பா நேற்று மாலை தவறிவிட்டார்' என்று ஒரு வரி இருந்தது. அதற்குள் முப்பது பின்னூட்டங்களுக்கு மேல் சேர்ந்திருந்தன. எல்லாம் ஆழ்ந்த அனுதாபங்கள். அவற்றுக்கு நடுவில், மூன்றாவதாக, என் 'அருமை, தொடருங்கள்'.

என் பின்னூட்டத்தை அழிக்கலாம். அழித்தால் அந்த இடத்தில், எழுதியவரால் நீக்கப்பட்டது என்று ஒரு வரி என் பெயரோடு நிற்கும். அது இன்னும் மோசம். மன்னிப்புக் கேட்டு இன்னொன்று போடலாம். போட்டால், கவனிக்காதவர்களும் மேலே போய்ப் பார்ப்பார்கள். இரண்டையும் செய்யாமல் ஒரு வாரம் இருந்தேன். பஸ் தினமும் இரண்டு முறை திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்த் துக்கம் விசாரிப்பது என்று முடிவு செய்து கணவரிடம் சொன்னேன்.

"யாரு செத்தது?"

"என்கூட எழுதுறவர் ஒருத்தரோட அப்பா."

"அவரு பேரு என்ன?"

"தெரியாது."

"செத்தவரு பேரு?"

"அதுவும் தெரியாது."

"வீடு?"

"திருக்கழுக்குன்றம். டிடிபி கடை வெச்சிருக்கார்."

கணவர் மதுரைக்காரர். துக்கத்துக்குப் போவதில் எந்தக் குறையும் வைக்காத குடும்பம். "பேரே தெரியாம எந்த வீட்டு வாசல்ல போயி நிக்கிறது?" என்று கேட்டார். கேட்டாரே தவிர, பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சங்கு தீர்த்தக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் விசாரித்தோம். அந்தப் பறவையின் பெயரைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. கடைக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டுச் சொன்னார், "அந்தப் பேர்ல யாரும் இல்லீங்களே இங்க. டிடிபி கடைன்னா நாலஞ்சு கீது. இன்னிக்கு ஞாயித்துக்கெழம, எல்லாம் சாத்திகீது. ஆள் எப்பிடி இருப்பாரு?"

"பார்த்ததில்ல" என்றேன். அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் குளத்தைப் பார்த்தார்.

திரும்பிவிடலாம் என்று வண்டியை எடுக்கும்போது எதிர்ச்சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள் ஒட்டியிருந்ததைக் கவனித்தேன். மூன்று நான்கு இருந்தன. ஒன்றில் ஒரு வயதானவரின் படம், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு. படத்துக்குக் கீழே வழக்கமான அஞ்சலி வாசகம் இல்லை. சோப்பு காயவில்லை என்ற வரிகள் இருந்தன. அதற்கும் கீழே கருமாதி நாளும், வீட்டு விலாசமும், மகன்களின் பெயர்களும். ஒன்றரை வருடமாகப் பழகியவரின் சொந்தப் பெயரை நான் அந்தச் சுவரில்தான் தெரிந்துகொண்டேன். மூன்று மகன்களில் எவர் என்று அப்போதும் தெரியவில்லை.

வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். மொட்டைத் தலையில் ஒரு வார முடி வளர்ந்த ஒருவர் வெளியே வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"யாருங்க வேணும்?"

என் பெயரைச் சொல்லிப் பயனில்லை. பதிவின் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"அக்காவா!" என்றார். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. "எல்லாரும் அக்கான்னு போட்டுகினு இருந்தாங்க. நானும் அப்பிடியே போட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. வாங்க, உள்ள வாங்க" என்றார்.

உள்ளே அவருடைய அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "யாரு நைனா வந்துகிறாங்க?"

"எங்கூட எழுதறவங்கம்மா."

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பத்திரம் எழுதறவங்களா?"

அவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, "ஆமாம்மா" என்றார். நாங்கள் உட்கார்ந்தோம். அவருடைய அப்பா நாற்பது வருடம் பிறர் நிலத்தில் ஏர் ஓட்டியவர், கடைசியில் மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டலில் தோட்ட வேலை பார்த்தார், காலையில் குளிக்கக் கிணற்றடிக்குப் போனவர் சோப்பைப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் விழுந்தார், மாலைவரைதான் இருந்தார் என்பதையெல்லாம் அவர் சொன்னார். என் கணவர் தேவையான இடங்களில் தேவையானதைக் கேட்டார். எனக்கு அது வரவில்லை. நான் வேறொன்றைச் சொல்ல வாயெடுத்தபடியே இருந்தேன்.

கடைசியில் ஆரம்பித்தேன். "நான் அன்னிக்குப் போட்ட பின்னூட்டம்..."

"அதத்தான் நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார் அவர். "முப்பது நாப்பது பேரு எழுதியிருந்தாங்க. அல்லாரும் நல்லவங்கதான். ஆனா எழுதினது எப்பிடி இருக்குதுன்னு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல. நீங்க ஒருத்தர்தான் அருமைன்னு போட்டீங்க, தொடருங்கன்னு போட்டீங்க. எனக்கு அன்னிக்கு அது பெருசா இருந்துச்சு. அதுக்கப்புறம்தான், அப்பா போஸ்டர்ல இதையே போட்டா இன்னான்னு தோணுச்சு. தம்பிங்க வாணாம்னாங்க. நான்தான் போட்டேன்."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவருடைய பார்வையைச் சந்திக்கவில்லை. "நல்லா வந்திருக்கு" என்றேன். அது பொய் இல்லை. போஸ்டர் முன்னால் நின்று படித்தபோது உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. ஆனால் அவர் நன்றி சொன்னது அதற்கு இல்லை.

துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து வந்துவிட்டோம். வழியில் கணவர் பைக்கை ஓட்டிக்கொண்டே, "மன்னிப்புக் கேக்கப் போயி பாராட்டு வாங்கிட்டு வந்துட்ட" என்றார். அவர் குரலில் கேலி இல்லை.

அதற்குப் பிறகு அந்தக் கவிஞர் எழுதியது எல்லாவற்றையும் படித்தேன். சில நன்றாக இருந்தன. பல சுமார். பழையவற்றையும் ஒரு கோடை விடுமுறையில் முதலிலிருந்து படித்து முடித்தேன். 'அருமை' என்ற சொல்லை எழுதவே கை வரவில்லை. 'படித்தேன்' என்று மட்டும் போட ஆரம்பித்தேன். அவர் அதற்கும் நன்றி சொன்னார்.

தன் அப்பாவின் முதல் வருட நினைவுநாளுக்குச் சில மாதம் முன்னால் மின்னஞ்சல் அனுப்பினார். கவிதைகளைச் சிறிய புத்தகமாகத் தானே அச்சடிக்கப் போவதாகவும், நான்தான் முன்னுரை எழுத வேண்டும் என்றும் கேட்டிருந்தார். 'மொதல்ல நல்லா இருக்குன்னு சொன்னது நீங்கதான்' என்று காரணமும் சொல்லியிருந்தார்.

மூன்று நாள் முன்னுரை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டாவது வாக்கியத்தில் நின்றது. நான்காவது நாள் பள்ளியிலிருந்து திரும்பும்போது திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவர் கடைக்குப் போனேன். யாருடைய கல்யாணத்துக்கோ அழைப்பிதழ் வடிவமைத்துக்கொண்டிருந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். உட்கார்ந்தேன், சொல்லிவிட்டேன்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ படிக்கவே இல்லியா?"

"அன்னிக்குப் படிக்கல. மறுநாள் படிச்சேன்."

"அதுக்கு முன்ன போட்டதெல்லாம்?"

"பாதிக்கு மேல படிக்காமதான் போட்டேன்."

"வூட்டுக்கு வந்தப்ப சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வந்தேன்."

"டீ சொல்லட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வற்புறுத்தவில்லை. அடுத்த பஸ் வரும்வரை கடை வாசலில் நிற்க முடியாமல் பஸ் ஸ்டாண்டுக்குள் போய் நின்றேன். வீட்டுக்கு வந்து அழவில்லை. ஆனால் அன்றைக்கு எதுவும் சமைக்கவும் இல்லை.

புத்தகம் தபாலில் வந்தது. மெல்லிய புத்தகம், நல்ல தாள், ஒரு எழுத்துப்பிழை இல்லை. முன்னுரை இல்லாமல் நேராக 'சோப்பு' கவிதையில் தொடங்கியது. உள்ளே கையெழுத்தோ குறிப்போ எதுவும் கிடையாது. வந்து சேர்ந்தது என்று மின்னஞ்சல் போட்டேன். பதில் இல்லை. என் பதிவுக்கு அவர் வருவதும் நின்றிருந்தது. முறைப்படி அது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாறு மாதம் கழித்து, மாமல்லபுரம் கடற்கரைக்குப் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனதைப் பற்றி எழுதியிருந்தேன். பதினான்கு பேர் வந்து 'சூப்பர்' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பதினைந்தாவதாக அந்தப் பறவையின் பெயர். 'மேடம், முழுசா ரெண்டு தடவை படிச்சேன். பிள்ளைங்க அலையைப் பார்த்து ஓடினது நல்லா வந்திருக்கு. ரெண்டாவது பத்தி வேண்டாம். அதுல நீங்க பாடம் நடத்துறீங்க' என்று எழுதியிருந்தார்.

இரண்டாவது பத்தியைப் படித்துப் பார்த்தேன். சிற்பங்களின் கல்லில் என்னென்ன தாதுக்கள் இருக்கின்றன என்று ஒன்பது வரி எழுதியிருந்தேன். அதை நீக்கிவிட்டு, நீக்கிவிட்டதாக அவருக்குப் பதில் எழுதினேன். ஏற்கெனவே சூப்பர் சொன்ன பதினான்கு பேரில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த பதிவை வெளியிடும் முன்னால் அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, மூன்று இடங்களில் திருத்தத்தோடு திரும்பி வந்தது.